விஸ்கி டாங்கோ ஃபாக்ஸ்ட்ராட்: நிருபரைப் புரிந்துகொண்ட படம், ஃபிக்ஸரைப் பாதியில் விட்ட படம்

போர்முனை நிருபரைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் குண்டு வெடிப்பதை நன்றாகவே எடுத்துவிடுகிறார்கள். உயிரைப் பணயம் வைத்து எடுத்த காட்சி ஒளிபரப்பாகுமா, ஒளிபரப்பானால் எத்தனை விநாடி, எந்தச் செய்திக்குப் பின்னால் என்று தலைமை அலுவலகத்தில் நடக்கும் பேரத்தைத்தான் விட்டுவிடுவார்கள். 2016 மார்ச்சில் வெளியான ‘விஸ்கி டாங்கோ ஃபாக்ஸ்ட்ராட்’ அந்தப் பேரத்தைக் கதையின் நடுவிலேயே வைத்திருக்கிறது. செய்தித் தொழிலில் இருப்பவர்கள் இதைப் பார்க்க அதுவே முதல் காரணம். அவர்களுக்கே எரிச்சல் வரவும் ஒரு காரணம் உண்டு. காபூலில் அந்த நிருபரை நடமாட வைக்கும் ஆப்கன் மனிதரை, அதாவது அவருடைய ஃபிக்ஸரை, மிக அழகாக அறிமுகப்படுத்திவிட்டு, முக்கியமான இடத்தில் படம் கைவிட்டுவிடுகிறது. திருப்பங்களைத் தொடாமல் இதைப் பேச முடியாது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

மூலக்கதை நிஜத்திலிருந்து வந்தது. ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழுக்காகத் தெற்காசியாவில் பணியாற்றிய கிம் பார்க்கர், ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் கண்டதை 2011இல் ‘தி தாலிபான் ஷஃபிள்’ என்ற புத்தகமாக எழுதினார். அதை விமர்சித்த ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் மிச்சிகோ ககுடானி, பார்க்கர் தன்னை ஒரு டீனா ஃபே பாத்திரம் போலச் சித்தரித்திருக்கிறார் என்று குறிப்பிட்டார். கடைசியில் டீனா ஃபேயே அந்தப் பாத்திரத்தில் நடித்தார், தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் ஆனார். திரைக்கதை, ஃபேயின் நெடுநாள் கூட்டாளி ராபர்ட் கார்லாக். இயக்கம், க்ளென் ஃபிகாரா, ஜான் ரெக்வா இருவரும். பார்க்கர் படத்தில் ‘பேக்கர்’ ஆகிறார். அது சின்ன மாற்றம். பெரிய மாற்றங்கள் இரண்டு. புத்தகத்தில் பாதி இடத்தைப் பிடிக்கும் பாகிஸ்தான் படத்தில் இல்லவே இல்லை. பத்திரிகை நிருபர் டிவி நிருபராகிவிட்டார்.

பாகிஸ்தான் போனதில் நஷ்டம் அதிகம். காபூலில் நடந்த பலவற்றுக்கு வேர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதை எடுத்துவிட்டால் தாலிபான்கள் எங்கிருந்தோ முளைத்தவர்கள் போலத் தெரிகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய படத்தில் இரண்டு நாட்டு அரசியலை அடைக்க முடியாது என்பது நியாயம்தான். ஆனால் ஒரு வசனத்தில்கூட அந்த எல்லையின் கனம் தெரியவில்லை.

டிவிக்கு மாற்றியது வேறு மாதிரி. பத்திரிகை நிருபர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு டீக்கடையில் உட்கார்ந்து வேலையை முடித்துவிடலாம். டிவி நிருபரால் முடியாது. கேமராக்காரர், ஃபிக்ஸர், டிரைவர், பாதுகாப்பு ஆள் என்று ஒரு கூட்டமே நகர வேண்டும். இரண்டு வண்டி வேண்டும். ஓர் இடத்தில் நின்றால் பத்து நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். காட்சி இல்லையென்றால் செய்தியும் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு போய் நாலு பேரிடம் விசாரித்து எழுதிவிடுகிற வசதி டிவியில் கிடையாது. சம்பவம் நடக்கும்போதே அங்கே இருந்தாக வேண்டும். கிம் மேலும் மேலும் ஆபத்துக்குள் நுழைவதற்கான காரணம் இந்த மாற்றத்தால்தான் திரையில் தெளிவாகிறது. தழுவலில் செய்த மாற்றங்களில் இதுதான் புத்திசாலித்தனமானது.

இன்னொரு விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்க நெட்வொர்க்குகளின் மாலைச் செய்தி நியூயார்க் நேரம் 6.30க்கு. காபூலில் அப்போது கோடையில் அதிகாலை 3 மணி, குளிர்காலத்தில் 4 மணி. லைவ் கொடுக்க வேண்டிய நிருபர் அதுவரை விழித்திருக்க வேண்டும். காலையில் காபூல் விழிக்கும்போது அவரும் மறுபடி ஓட வேண்டும். படத்தில் வெளிநாட்டு நிருபர்கள் தங்கும் விடுதியில் இரவெல்லாம் நடக்கும் கூத்தையும் குடியையும் பார்த்துப் பலர் மிகை என்றார்கள். மிகை இல்லை. 2000களின் நடுவில் காபூலில் வெளிநாட்டவருக்கென்று மது விற்ற உணவகங்களும் விடுதிகளும் இருந்தன. 2008 ஜனவரியில் செரீனா ஹோட்டல் தாக்கப்பட்டதிலிருந்து அந்த உலகம் சுருங்க ஆரம்பித்தது. 2014 ஜனவரியில் ஒரு லெபனான் உணவகத்தில் 21 பேர் கொல்லப்பட்ட பிறகு ஏறக்குறைய முடிந்தே போனது. படம் நடப்பது அதற்கு முன்னால். கதவுக்கு இந்தப் பக்கம் பார்ட்டி, அந்தப் பக்கம் ஊரடங்கிய தெரு என்கிற அந்தப் பிளவை, அறை அலங்காரத்திலிருந்து வெளிச்சம் வரை சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

கிம் முதன்முறை மரைன் படைப்பிரிவோடு ‘எம்பெட்’ ஆகப் போகும் பகுதிக்கு வருவோம். எம்பெட் என்றால் படையோடே தங்கி, படையோடே நகர்ந்து செய்தி சேகரிப்பது. 2003 ஈராக் படையெடுப்பின்போது அமெரிக்க ராணுவம் இதைப் பெரிய அளவில் முறைப்படுத்தியது. கையெழுத்துப் போடும் தாளில் விதிகள் இருக்கும்: நடக்கப்போகும் நடவடிக்கையைச் சொல்லக் கூடாது, துல்லியமான இடத்தையோ ஆள்பலத்தையோ சொல்லக் கூடாது, இறந்தவரின் குடும்பத்துக்குத் தகவல் போகும் முன் பெயரோ முகமோ வெளியாகக் கூடாது. நிருபர் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. படம் இவற்றைப் பாடம் நடத்தாமல், பில்லி பாப் தார்ன்டன் நடித்த ஜெனரல் ஹாலனெக்கின் முறைப்பிலேயே உணர்த்திவிடுகிறது. தார்ன்டன் குரலை உயர்த்துவதே இல்லை. புது நிருபர் என்றால் தன் வேலையில் சேரும் இன்னொரு சுமை என்று நினைக்கும் அதிகாரியை இதைவிடச் சிக்கனமாக நடித்துக் காட்ட முடியாது.

பதுங்கித் தாக்கும் காட்சி வருகிறது. வாகன வரிசை நிற்கிறது, சுடத் தொடங்குகிறார்கள், கிம் கேமராவோடு வெளியே குதிக்கிறார். படம் இதை அவருடைய ஞானஸ்நானமாகக் காட்டுகிறது. பயிற்சி பெற்ற எந்த நிருபரும் இங்கே பல்லைக் கடிப்பார். கவச வண்டிக்குள் இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது பாலபாடம். காரணம் அவர் உயிர் மட்டுமில்லை. வெளியே ஓடும் நிருபர் சிப்பாயின் சுடுபாதைக்குள் குறுக்கே வரலாம். அவருக்கு அடிபட்டால் மருத்துவ உதவிக்கு இரண்டு பேர் போயாக வேண்டும், அந்த இரண்டு பேர் சண்டையிலிருந்து குறைவார்கள். உடம்பில் இருப்பதோ முன்னும் பின்னும் தகடு வைத்த கவச உடை. ஹெல்மெட்டோடு சேர்த்தால் பத்து கிலோவுக்குக் குறையாது. அதைப் போட்டுக்கொண்டு ஓடிப் பழகாதவர் நாலாவது அடியில் தடுமாறுவார். பக்கவாட்டிலும் தொடையிலும் கழுத்திலும் அந்தத் தகடு எதையும் காக்காது. இதையெல்லாம் மீறி ஒருவர் ஓடினால் நிஜத்தில் பாராட்டு கிடைக்கலாம், அன்று மாலையே எம்பெட் ரத்தாகவும் செய்யலாம். படம் முதல் பாதியை மட்டும் சொல்கிறது.

ஆனால் அதே மரைன் பகுதியில்தான் படத்தின் மிகச் சிறந்த காட்சி இருக்கிறது. ஒரு கிராமத்துக்கு அமெரிக்கர்கள் கிணறு அமைத்துக் கொடுக்கிறார்கள். யாரோ அதைத் திரும்பத் திரும்பத் தகர்க்கிறார்கள். தாலிபான் வேலை என்று படை முடிவு கட்டுகிறது. கிராமத்துப் பெண்கள் கிம்மைத் தனியே அழைத்துப் போகிறார்கள். தகர்த்தது அவர்கள்தான். தண்ணீருக்காக ஆற்றுக்கு நடப்பது ஒன்றுதான் ஆண்கள் இல்லாமல் அவர்கள் கூடிப் பேசும் நேரம். வாசலிலேயே கிணறு வந்தால் அதுவும் போய்விடும். வளர்ச்சித் திட்டங்கள் ஏன் தோற்கின்றன என்று நூறு பக்க அறிக்கை சொல்வதை மூன்று நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார்கள். ஆப்கன் கிராமத்தில் பெண்கள் இருக்கும் பகுதிக்குள் ஆண் நிருபரால் நுழைய முடியாது. அங்கே பெண் நிருபர் ஊரின் இரண்டு பாதியோடும் பேசுவார், ஆண் நிருபர் ஒரு பாதியோடு மட்டும். பெண்ணாக இருப்பதைத் தடையாக மட்டுமே காட்டிப் பழகிய சினிமா, இங்கே அது வேலைக்கு எவ்வளவு பெரிய பலம் என்று காட்டுகிறது. ஒரு குறை: இந்த மாதிரி உரையாடலுக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அதுவும் காபூலில் பேசும் தாரி மொழி தெரிந்தால் போதாது, தெற்கே பஷ்தோ வேண்டும். அந்தச் சிக்கலைப் படம் தாண்டிப் போய்விடுகிறது.

காஃப்லின் என்ற இளம் சிப்பாயின் கிளைக்கதையும் அதே தரம். கேமரா முன்னால் ஒரு பேட்டியில், துப்பாக்கியில் தோட்டா போடாமலே சுற்றுவதாக வெகுளியாகச் சொல்லிவிடுகிறார். பேட்டி ஒளிபரப்பாகிறது. அவர் வேறு பிரிவுக்கு மாற்றப்படுகிறார், அங்கே கண்ணிவெடியில் கால்களை இழக்கிறார். விதிப்படி நிருபர் தப்பே செய்யவில்லை. சிப்பாய் தெரிந்தேதான் பேசினார், கேமரா ஓடுவது அவருக்குத் தெரியும். ஆனால் இருபது சொச்சம் வயதுப் பையனுக்கு அந்த வரியின் விலை தெரிந்திருக்காது, நிருபருக்குத் தெரிந்திருக்கும். அந்த இடைவெளியைப் பற்றி இதழியல் வகுப்பில் ஒரு நாள் முழுக்கப் பேசலாம். ஊருக்குத் திரும்பிய கிம், காஃப்லின் வீட்டுக்கே போய் நிற்கும் காட்சியில் அழுகை இல்லை, மன்னிப்பு வசனம் இல்லை. எல்லாவற்றுக்கும் நீங்களே காரணம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்கிற தொனியில் காஃப்லின் பேசுகிறார். ஈவன் ஜோனிக்ஹைட் நன்றாகச் செய்திருக்கிறார்.

நியூயார்க் பக்கம் படம் சொல்வது இன்னும் கசப்பு. 2003க்குப் பிறகு ஈராக்தான் செய்தி. அடுத்த சில வருஷங்கள் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படை ஏறக்குறைய 20,000 பேர். ஈராக்கில் 1,30,000க்கும் மேல். கேமராக்களும் அதே விகிதத்தில் போயின. கிம்மின் செய்தித் தொகுப்புகள் ஒளிபரப்பாகாமல் தேங்குகின்றன, அவரே நியூயார்க்குக்குப் போய் முதலாளியம்மாவிடம் வாதாடுகிறார். செர்ரி ஜோன்ஸ் நடித்த அந்த அதிகாரியை வில்லியாக்காதது நல்ல முடிவு. மக்கள் பார்ப்பதில்லை என்ற அவர் பதிலில் பொய்யில்லை. ஆனால் அதன் விளைவு என்ன? போன மாதம் எடுத்தது ஓடவில்லையென்றால் இந்த மாதம் இன்னும் பெரிதாக ஏதாவது வேண்டும். மார்கோ ராபி நடித்த சக நிருபர் தான்யா இந்தக் கணக்கை முதல் நாளிலிருந்தே தெரிந்தவர். தோழியா போட்டியாளரா என்று கடைசிவரை பிரித்துச் சொல்ல முடியாத அந்தப் பாத்திரத்தை ராபி சிரித்த முகத்தோடே கூர்மையாக நடித்திருக்கிறார்.

இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்பவர் ஃபாஹிம், கிம்மின் ஃபிக்ஸர். காந்தஹாரில் கிம் புர்கா போட்டுக்கொண்டு, கேமராவை உள்ளே மறைத்து, ஆண்கள் மட்டுமே இருக்கும் ஆவேசக் கூட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறார். புர்காவைப் பாதுகாப்புக் கவசம் என்று நினைப்பது வெளிநாட்டவர் வழக்கமாகச் செய்யும் பிழை. கண் முன் உள்ள வலை பக்கவாட்டுப் பார்வையை அடைத்துவிடும், படி தெரியாது, ஓட முடியாது. செருப்பும் கையும் நடையும் உயரமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். மாட்டிக்கொண்டால் கூட வந்த ஆப்கன் ஆணுக்குத்தான் முதல் அடி. ஃபாஹிமுக்கு இது தெரியும், கிம்முக்குத் தெரியாது. தப்பித்து வந்த பிறகு ஃபாஹிம் பேசுகிறார். அவர் மருத்துவம் படித்தவர், அபின் பழக்கத்துக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். நேற்றைய அளவு இன்று போதாமல் போவதை அவர்களிடம் பார்த்ததாகவும், அதையே இப்போது கிம்மிடம் பார்ப்பதாகவும் சொல்கிறார். கிறிஸ்டோஃபர் ஆபட் இதைக் கோபமில்லாமல், வைத்தியர் நோயைச் சொல்வது போலச் சொல்கிறார். படத்தின் உயிர் இந்த ஒரு நிமிஷத்தில் இருக்கிறது.

ஃபிக்ஸர் என்றால் மொழிபெயர்ப்பாளர் என்று மட்டும் நினைப்பவர்களுக்காக: சந்திப்பு ஏற்பாடு அவர், எந்தச் சாலை எந்த நேரம் என்று முடிவெடுப்பது அவர், நம்பகமான டிரைவர் அவர் கொண்டுவருபவர், சோதனைச் சாவடியில் பேசுவது அவர், எதிரே இருப்பவர் சொல்லாமல் விட்டது என்ன என்று கவனிப்பது அவர், ‘இப்போதே கிளம்புவோம்’ என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். கட்டுரையில் பெயர் வருவது அபூர்வம். வெளிநாட்டு நிருபர் வேலை முடிந்து விமானம் ஏறுவார், இவர் அதே தெருவில் குடியிருப்பார். ஃபாஹிமின் திருமணத்தைக் காட்டும் படம், அவருக்கு இழக்க என்ன இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டதாகவே தோன்றுகிறது. பிறகு கதையிலிருந்து அவரைக் கழற்றிவிடுகிறது.

க்ளைமாக்ஸில் மார்ட்டின் ஃப்ரீமன் நடித்த ஸ்காட்லாந்துப் புகைப்படக்காரர் இயன் கடத்தப்படுகிறார். கிம் தனக்குத் தெரிந்த ஆப்கன் அரசியல் புள்ளியை நெருக்கித் தகவல் வாங்கி, ஜெனரலிடம் கொடுத்து, மரைன்கள் இரவில் இறங்கி மீட்கிறார்கள். பின்னணியில் ஹாரி நில்சனின் ‘விதவுட் யூ’ ஓடுகிறது. துப்பாக்கிச் சண்டைக்கு உருகும் காதல் பாட்டு. எடிட்டிங் திறமையானது, தியேட்டரில் சிரிப்பும் வரும். ஆனால் அந்த வருஷங்களில் ஆப்கானிஸ்தானில் நடந்த கடத்தல்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சி தொண்டையில் நிற்கும்.

2007 மார்ச்சில் ஹெல்மந்தில் இத்தாலிய நிருபர் தானியேலே மாஸ்த்ரோஜாகோமோவோடு அவருடைய டிரைவர் சையத் ஆகாவும் ஃபிக்ஸர் அஜ்மல் நக்ஷ்பந்தியும் கடத்தப்பட்டார்கள். டிரைவரை முதலில் கொன்றார்கள். ஐந்து தாலிபான் கைதிகளுக்குப் பதிலாக இத்தாலியர் விடுதலையானார். அஜ்மல் விடுதலையாகவில்லை, ஏப்ரலில் கொல்லப்பட்டார். 2009 செப்டம்பரில் குந்தூஸ் அருகே ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபர் ஸ்டீஃபன் ஃபாரலையும் அவரோடு பணியாற்றிய சுல்தான் முனாதியையும் பிடித்தார்கள். பிரிட்டிஷ் கமாண்டோக்கள் இறங்கினார்கள். ஃபாரல் பிழைத்தார். ‘பத்திரிகையாளர்’ என்று கத்திக்கொண்டே முன்னால் வந்த முனாதி சுடப்பட்டு இறந்தார். ஒரு பிரிட்டிஷ் சிப்பாயும் இறந்தார். அதே ஆண்டு ஜூனில், ஏழு மாதத்துக்கும் மேல் பிணைக்கைதியாக இருந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபர் டேவிட் ரோடும் அவருடைய மொழிபெயர்ப்பாளர் தாஹிர் லுதினும் பாகிஸ்தானின் வட வசிரிஸ்தானில் கயிறு கட்டிச் சுவரிறங்கித் தப்பினார்கள். அவர் கடத்தப்பட்ட செய்தியை அத்தனை மாதமும் பெரும்பாலான ஊடகங்கள் வெளியிடாமல் வைத்திருந்தன, பேரம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக.

கடத்தலில் நிஜமாக நடப்பது இதுதான்: மௌனம், இடைத்தரகர்கள், ஆள் உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சி, மாதக்கணக்கில் காத்திருப்பு. படையிறங்கல் கடைசிக் கட்டம், அதில் பிணைக்கைதியே செத்துப்போகும் வாய்ப்பு உண்டு. இவையெல்லாம் ஒரு நகைச்சுவைப் படத்தில் வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஃபாஹிமை அவ்வளவு கவனமாக எழுதியவர்கள், ஆபத்து உச்சத்துக்கு வரும்போது அதை ஒரு வெளிநாட்டவரின் தலையில் மட்டும் வைத்து, இன்னொரு வெளிநாட்டவரின் சாமர்த்தியத்தால் தீர்த்துவைப்பது, அதுவரை தாங்களே சொன்னதை மறந்துவிட்டதாகத்தான் படுகிறது.

நடிகர் தேர்விலும் இதே குறை. ஃபாஹிமாக நடித்த ஆபட் அமெரிக்கர். சாதிக் என்ற அரசியல் புள்ளியாக நடித்த ஆல்ஃப்ரெட் மொலினா பிரிட்டிஷ்காரர். வெளியானபோதே இதற்குக் கண்டனம் வந்தது, நியாயமான கண்டனம். ஆபட்டின் நடிப்பில் கண்ணியம் இருக்கிறது என்பதால் அந்தத் தேர்வு சரியாகிவிடாது. மொலினாவின் பாத்திரமோ வழிசலும் அதிகாரமும் கலந்த கேலிச்சித்திரம். அதில் மிகைதான் அதிகம்.

டீனா ஃபே சிரிக்க வைக்கக்கூடியவர் என்பது தெரிந்ததே. இங்கே அவர் செய்திருப்பது வேறு: முதல் அரைமணியில் எல்லாவற்றுக்கும் ஒரு பகடி வைத்திருக்கும் முகம், போகப் போகப் பகடியை நிறுத்திவிடுகிறது. நீல புர்காவைப் பார்த்து முதலில் ஜோக் அடித்தவர், பின்பு அதையே கருவியாக எடுத்து மாட்டிக்கொள்ளும்போது எதுவும் சொல்வதில்லை. படப்பிடிப்பு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில். வறண்ட மலையும் தூசும் ஏமாற்றாமல் பொருந்துகின்றன. ஒளிப்பதிவாளர் சேவியர் க்ரோபே காபூல் தெருக்களை நெரிசலாகவே வைத்திருக்கிறார்.

சுமார் 3.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுக்கச் சுமார் 2.5 கோடிதான் வசூலித்தது. வெடிச்சிரிப்பை எதிர்பார்த்துப் போனவர்களுக்குச் சிரிப்பு குறைவு, போர்ப்படம் தேடியவர்களுக்குப் போர் குறைவு. செய்தி எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு, குறிப்பாக இதழியல் மாணவர்களுக்கு, இதைத் தயங்காமல் சொல்லலாம். கிணற்றுக் காட்சி, காஃப்லின் பேட்டி, காந்தஹாருக்குப் பிந்தைய உரையாடல் மூன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். நீளம் 112 நிமிஷம். வசனங்கள் வேகமானவை, ராணுவக் கொச்சையும் நிறைய; சப்டைட்டில் போட்டுப் பார்ப்பது நல்லது. கெட்ட வார்த்தைகளும் படுக்கையறைப் பேச்சும் தாராளமாக உண்டு, அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ். வீட்டில் சிறுவர்கள் இருக்கும்போது போட வேண்டாம்.